சோதனை முடியுமுன் வாங்கிய போர்விமானங்கள்

போர்விமானம் ஒன்று வரைபடத்திலிருந்து படையின் கைக்கு வருவதற்குள் நீண்ட சோதனைக் காலம் ஒன்றைக் கடக்க வேண்டியிருக்கிறது. முதலில் செய்யப்படும் சில முன்மாதிரிகளைச் சோதனை விமானிகள் உயரத்திலும் வேகத்திலும் திருப்பத்திலும் எல்லை வரை கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். இன்னொரு விமானம் பறக்கவே பறக்காது. தரையில் இரும்புச் சட்டத்துக்குள் பிணைக்கப்பட்டு, ஆயுள் முழுக்க அதன் இறக்கையும் உடலும் தாங்க வேண்டிய சுமையைச் சில ஆண்டுகளுக்குள் வாங்கித் தீர்ப்பதே அதன் வேலை. பிறகு ஆயுதங்கள், ரேடார், மென்பொருள். கடைசியாக, தொழிற்சாலை ஆட்களின் துணையின்றிப் படைவீரர்களே ஓட்டிப் பார்க்கும் களச்சோதனை. இவையெல்லாம் முடிந்த பின்பே மொத்த ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பது ஏட்டளவிலான ஒழுங்கு. கடந்த தொண்ணூறு ஆண்டுகளில் அந்த ஒழுங்கு விதிவிலக்காகவே இருந்து வந்திருக்கிறது. சோதனையும் உற்பத்தியும் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கும் முறைக்கு அமெரிக்க ராணுவக் கொள்முதல் வழக்கில் ‘கன்கரன்சி’ என்று பெயர்.

இந்த வழக்கம் அவசரத்தில் பிறந்தது. ஹிட்லரின் ஜெர்மனி விமானப்படையைப் பெருக்கத் தொடங்கியதும் பிரிட்டனுக்குப் பழைய நிதானம் கட்டுப்படியாகவில்லை. ஸ்பிட்ஃபயர் முன்மாதிரி முதன்முதலில் பறந்தது 1936 மார்ச்சில். மூன்று மாதம் கழியுமுன் 310 விமானங்களுக்கு ஆர்டர் போயிற்று. அந்த விமானம் பறந்தாவது காட்டியிருந்தது. ஆவ்ரோ நிறுவனத்தின் மான்செஸ்டர் குண்டுவீச்சு விமானத்துக்கு அதுவும் இல்லை. 1937-இல் வரைபடத்தைப் பார்த்தே ஆர்டர் கொடுத்தார்கள். முதல் முன்மாதிரி பறந்தது 1939 ஜூலையில்தான். அதற்கென்று தேர்ந்தெடுத்த ரோல்ஸ் ராய்ஸ் வல்ச்சர் எஞ்சினும் அப்போது புதியது, பக்குவப்படாதது. எஞ்சின்கள் நடுவானில் நின்றுபோயின, சில தீப்பிடித்தன. ஒற்றை எஞ்சினில் அந்தக் கனத்தைத் தாங்கித் திரும்பி வருவது பெரும்பாடாக இருந்தது. சுமார் 200 விமானங்கள் செய்யப்பட்ட நிலையில் 1942 நடுவில் மான்செஸ்டரைப் போர்முனையிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். ஆனால் அதன் உடற்கூடு நல்லது. இறக்கையை நீட்டி, இரண்டு வல்ச்சருக்குப் பதில் நான்கு மெர்லின் எஞ்சின்களைப் பூட்டியபோது அதுவே லங்காஸ்டர் ஆயிற்று. பிரிட்டனின் இரவுக் குண்டுவீச்சின் பெரும்பகுதியைச் சுமந்தது அதுதான். பிரிட்டன் 1940-இல் அமெரிக்க நிறுவனமொன்றிடம் வரைபடத்தை நம்பி 320 எண்ணிக்கையில் கேட்ட மஸ்டாங் கதையும் ஏறக்குறைய இதேதான். முதல் எஞ்சினோடு உயரத்தில் திணறிய அந்த விமானம், மெர்லின் பூட்டிய பிறகு அந்தப் போரின் தலைசிறந்த சண்டைவிமானங்களில் ஒன்றானது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய இந்த இரண்டிலும் பிழைக்க வழிவிட்டது மாற்றக்கூடிய ஒரே பாகத்தில் பிழை இருந்ததுதான். அதை அப்போது யாரும் திட்டமிட்டிருக்கவில்லை.

இவ்வகைக் கொள்முதலில் எல்லாவற்றையும் விஞ்சியது போயிங் நிறுவனத்தின் பி-29 சூப்பர்ஃபோர்ட்ரஸ். 1941 மே மாதத்தில் அமெரிக்க ராணுவம் 250 விமானங்கள் வாங்க உறுதி சொன்னது. முதல் முன்மாதிரி தரையைவிட்டு எழும்பியது 1942 செப்டம்பர் 21-இல். அதற்குள் ஆர்டர் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. விச்சிட்டா, ரென்டன், மரியெட்டா, ஒமாஹா ஆகிய ஊர்களில் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. பி-29 திட்டம் முழுவதற்கும் செலவான தொகை சுமார் 300 கோடி டாலர். அதே விமானம் பின்னர் சுமந்து சென்ற அணுகுண்டைச் செய்யும் திட்டத்துக்கே சுமார் 200 கோடிதான் ஆனது. விமானத்தில் எல்லாமே புதிது: காற்றழுத்தம் ஏற்றிய விமானி அறை, தொலைவிலிருந்து இயக்கும் துப்பாக்கிக் கூண்டுகள், ஒவ்வொன்றும் 2,200 குதிரைத்திறன் கொண்ட நான்கு ரைட் ஆர்-3350 எஞ்சின்கள்.

தொல்லை எஞ்சினில்தான் இருந்தது. பதினெட்டு சிலிண்டர்கள் முன்னொரு வரிசை, பின்னொரு வரிசையாக வட்டமிட்டு நிற்கும். முன்வரிசையைக் குளிர்வித்த காற்று சூடேறியே பின்வரிசைக்குப் போய்ச் சேரும். எடையைக் குறைக்க எஞ்சின் கூட்டில் மக்னீசியக் கலவை சேர்த்திருந்தார்கள். மக்னீசியம் ஒருமுறை பற்றிக்கொண்டால் அணைப்பது மிகக் கடினம். 1943 பிப்ரவரி 18 அன்று, போயிங்கின் தலைமைச் சோதனை விமானி எடி ஆலன் இரண்டாவது முன்மாதிரியைச் சியாட்டிலில் ஓட்டிக்கொண்டிருந்தபோது எஞ்சினில் தீப்பிடித்தது. ஓடுதளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த விமானம் வழியில் இருந்த ஓர் இறைச்சித் தொழிற்சாலையின்மேல் விழுந்தது. விமானத்திலிருந்த 11 பேரும், தரையில் இருபது பேரளவும் இறந்தார்கள். அமைதிக்காலமாக இருந்தால் திட்டம் அத்தோடு நின்றிருக்கும். போர்க்காலத்தில் விசாரணை ஒருபக்கம் நடக்க, தொழிற்சாலை இன்னொருபக்கம் ஓடியது.

விளைவாக ஒரு விசித்திர நிலைமை உருவாயிற்று. தொழிற்சாலையிலிருந்து விமானங்கள் வெளிவந்துகொண்டே இருந்தன. போருக்குப் போகத்தக்க விமானம் ஒன்றுகூட இல்லை. உற்பத்தி வரிசையை நிறுத்தி மாற்றம் செய்தால் எண்ணிக்கை குறையும் என்பதால், பழைய வரைபடப்படியே செய்து முடித்து, பின்னர் தனியான திருத்த மையங்களுக்கு அனுப்பிப் பிரித்துச் சரிசெய்தார்கள். 1944 மார்ச்சில் விமானப்படைத் தலைவர் ஹென்றி ஆர்னால்ட், முதல் அணிகளை வழியனுப்ப கன்சாஸுக்கு வந்து பார்த்தபோது ஒன்றும் தயாராக இல்லை. போயிங் தொழிலாளர்களை உற்பத்தி வரிசையிலிருந்தே இழுத்து வந்து இறக்கினார்கள். விமானக் கொட்டகைகளில் இடமில்லாததால் திறந்தவெளியில், பனிக்காற்றில், இரவும் பகலும் வேலை நடந்தது. அமெரிக்க விமானப் படைவீரர்கள் பிற்பாடு அந்த வாரங்களுக்கு ‘கன்சாஸ் போர்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்படிச் சரிசெய்த விமானங்கள் போய் இறங்கிய இடம் இந்தியா. வங்காளத்தின் கரக்பூர், அன்றைய பீகாரின் சக்குலியா சுற்றுவட்டாரத்தில் நீண்ட ஓடுதளங்கள் தயாராகியிருந்தன. ஹிஜ்லியில் பிரிட்டிஷார் அரசியல் கைதிகளை அடைத்து வைத்திருந்த கட்டடத்தில் குண்டுவீச்சுப் படையின் தலைமையகம் அமைந்தது. 1951-இல் நாட்டின் முதல் ஐஐடி தொடங்கியதும் அதே கட்டடத்தில்தான். வரும் வழியிலேயே, கராச்சி வெயிலில் எஞ்சின் கொதித்துச் சில விமானங்கள் விழுந்தன. 1944 ஜூன் 5 அன்று பாங்காக் ரயில் பணிமனைகளைக் குறிவைத்து நடந்த முதல் தாக்குதலுக்கு 98 விமானங்கள் கிளம்பின. இலக்கில் குண்டு போட்டவை 77. இழந்தது ஐந்து, எதிரியின் துப்பாக்கிக்கு அதில் ஒன்றும் பலியாகவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் இலங்கையின் திருகோணமலை சீனக்குடா ஓடுதளத்திலிருந்து சுமத்திராவின் பாலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலையைத் தாக்க 54 விமானங்கள் புறப்பட்டன, இலக்கை எட்டியவை 39. போக வர கிட்டத்தட்ட 19 மணி நேரம் கடலின்மேல் பறக்கும் பயணம் அது. பறத்தல் சோதனையில் செய்திருக்க வேண்டிய பாதி வேலையை இந்தப் படையணிகள் போர்முனையில் செய்தன என்று சொல்வதில் மிகையில்லை.

ஆனாலும் பி-29 பேரம் வென்றதாகவே பின்னால் வந்தவர்கள் கணக்கெழுதினார்கள். ஒழுங்காகச் சோதித்திருந்தால் விமானம் போருக்கே வந்து சேர்ந்திருக்காது என்ற வாதத்தை மறுப்பது எளிதல்ல. சிக்கல் அதற்கடுத்தது. போர் முடிந்த பிறகும் அந்த வேகம் பழக்கமாக நின்றுவிட்டது.

கொரியப் போர் மூண்டதும் பிரிட்டன் 1950 நவம்பரில் சூப்பர்மரீன் ஸ்விஃப்ட் என்ற ஜெட் சண்டைவிமானத்துக்கு 100 என்று ஆர்டர் கொடுத்தது. 1953-இல் லிபியப் பாலைவனத்தில் அது உலக வேகச் சாதனை படைத்தது. அடுத்த ஆண்டு படைக்கு வந்தபோது, அதிக உயரத்தில் அதற்குச் சண்டை போட வரவில்லை. 1955-இல் சண்டைவிமானமாக அதைக் கைவிட்டு, படம்பிடிக்கும் உளவுப் பணிக்கு மாற்றிக்கொண்டார்கள். நேர்கோட்டில் ஓடிக் காட்டும் ஒரு சாதனைக்கும் போர்த்தகுதிக்கும் உள்ள தூரத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று அபூர்வம்.

அமெரிக்காவில் அதே பழக்கத்துக்கு முறையான திட்டமே இருந்தது. குக், கிரெய்கி என்ற இரு ஜெனரல்களின் பெயரால் வழங்கிய அந்தத் திட்டப்படி, கையால் செய்த முன்மாதிரி என்பதே வேண்டாம். மொத்த உற்பத்திக்கான அச்சுகளையும் கருவிகளையும் முதலிலேயே செய்துவைத்து, அவற்றைக் கொண்டே முதல் சில விமானங்களை மெதுவாகச் செய்ய வேண்டும். சோதனையில் தெரியும் குறைகளைத் திருத்திய பிறகு வேகத்தைக் கூட்டலாம். குறை சிறியதாக இருக்கும்வரை இது கெட்டிக்காரத்தனமான யோசனை. கான்வேர் நிறுவனத்தின் எஃப்-102 இடைமறிப்பு விமானத்தில் குறை சிறியதாக இல்லை. ஒலியைவிட வேகமாகப் பறக்க வேண்டும் என்பதற்காகவே பிறந்த அந்த விமானம் 1953 அக்டோபரில் முதல்முறை எழும்பியது. மட்டமாகப் பறக்கும்போது ஒலிவேகத்தைத் தாண்ட அதனால் முடியவில்லை. ஒலிவேகத்தை நெருங்கும்போது இறக்கையும் உடலும் சேருமிடத்தில் காற்றுத்தடை எக்கச்சக்கமாக ஏறுகிறது. அந்த இடத்தில் உடலை இடுப்புப் போல ஒடுக்கினால் தடை குறையும் என்று ரிச்சர்ட் விட்கோம்ப் என்ற ஆய்வாளர் லாங்லி காற்றுச்சுரங்கத்தில் கண்டறிந்திருந்தார். கோகோ கோலா பாட்டில் போல ஒடுங்கிய உடலோடு மறுவரைவு செய்த விமானம் 1954 டிசம்பரில் ஒலிவேகத்தைத் தாண்டியது. பழைய வடிவத்துக்காகச் செய்து குவித்திருந்த கருவிகளில் பெரும்பங்கு வீணாயிற்று.

இந்தப் பழக்கத்தை எதிர்த்திசையில் திருப்ப முயன்றவர் டேவிட் பேக்கர்ட். ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனத்தை நிறுவிய இருவரில் ஒருவரான அவர், 1969 முதல் 1971 வரை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் துணைச் செயலராக இருந்தார். ‘பறந்து பார்த்து வாங்கு’ என்பது அவர் காலத்தில் கொள்கை ஆயிற்று. இரண்டு நிறுவனங்கள் முன்மாதிரி செய்து தர வேண்டும். இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிரே ஓட்டிப் பார்த்துத் தேர்வு நடக்கும். தரைப்படைக்குத் துணைநிற்கும் ஏ-10 விமானம் இப்படித்தான் 1973-இல் தேர்வானது. எஃப்-16 இன்னொரு போட்டியாளரை வென்று 1975-இல் தேர்வானது. இரண்டும் பல பத்தாண்டுகள் உழைத்தன. போட்டி நடத்த ஆகும் செலவு மொத்தச் செலவில் சிறு துணுக்குதான். ஆனால் ஒரே நிறுவனத்துக்கு ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்ற அரசியல் விருப்பத்துக்கு அது தடையாக நின்றது.

அந்த விருப்பம் மீண்டு வர நாளாகவில்லை. 1981-இல் ரீகன் அரசு உயிர்கொடுத்த பி-1பி குண்டுவீச்சு விமானம், சோதனையும் உற்பத்தியும் பின்னிப் பிணைந்த அவசரத் திட்டம். கடைசியான நூறாவது விமானம் 1988-இல் ஒப்படைக்கப்பட்டபோதும், எதிரி ரேடாரை ஏமாற்ற வேண்டிய மின்னணுத் தற்காப்புக் கருவி சொன்னபடி வேலை செய்யவில்லை. திருத்தலாம் என்றால் உற்பத்தி வரிசையே மூடியாயிற்று. இடையே 1983-இல் அமெரிக்க நாடாளுமன்றம் களச்சோதனைக்கென்று படைகளுக்குக் கட்டுப்படாத ஓர் இயக்குநர் பதவியை உண்டாக்கியது. அவருடைய அறிக்கை வராமல் முழு அளவு உற்பத்தி தொடங்கக் கூடாது. அதற்கு முந்தைய கட்டத்துக்கு ‘குறைந்த அளவு உற்பத்தி’ என்று பெயர். சட்டம் கதவைச் சாத்தியது. அந்தப் பெயருக்குள் ஒரு சன்னலைத் திறந்தும் வைத்தது.

கதவு ஒருமுறை உண்மையிலேயே தடுத்தது. ஹெலிகாப்டர் போல எழும்பி, இறக்கை முனைச் சுழலிகளைச் சாய்த்து விமானமாகப் பறக்கும் வி-22 ஆஸ்ப்ரே, 2000 ஏப்ரல் 8 அன்று அரிசோனாவின் மரானாவில் களச்சோதனையின்போது விழுந்து 19 கடற்படைக் காலாட்கள் இறந்தார்கள். குறைந்த வேகத்தில் மிக விரைவாகக் கீழிறங்கிய விமானம், தன் சுழலிகள் கீழே தள்ளிய காற்றுக்குள் தானே இறங்கித் தூக்குவிசை இழந்திருந்தது. இப்படி இறங்கினால் என்ன நேரும் என்று முன்னரே ஓட்டிப் பார்த்திருக்க வேண்டிய சோதனைகள், செலவையும் காலத்தையும் மிச்சம் பிடிக்கக் குறைக்கப்பட்டிருந்தன. டிசம்பரில் இன்னொன்று விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். அந்த மாதமே கையெழுத்தாக வேண்டியிருந்த முழு உற்பத்தி உத்தரவு தள்ளிப்போய், மறுவடிவமைப்பும் மறுசோதனையும் முடிந்து 2005 செப்டம்பரில்தான் வந்தது.

எஃப்-35 அந்தச் சன்னல் வழியாக நுழைந்தது. லாக்ஹீட் மார்ட்டினுக்கு 2001 அக்டோபரில் ஒப்பந்தம் கிடைத்தது. அதற்கு முன் நடந்த முன்மாதிரிப் போட்டி, எஞ்சினும் உடற்கூடும் பறக்கும் என்பதைக் காட்டியதே தவிர, போர்த்தகுதியைக் காட்டவில்லை. உருவாக்க விமானம் முதலில் பறந்தது 2006 டிசம்பரில். படைக்கான முதல் தொகுதி ஒப்பந்தம் மறு ஆண்டே கையெழுத்தானது. அவசரத்துக்குச் சொன்ன காரணங்கள் இரண்டு. பழைய எஃப்-16, ஹாரியர் விமானங்கள் ஆயுள் முடிந்து கழிகின்றன. கூட்டாளி நாடுகள் எட்டும் பணத்தோடு காத்திருக்கின்றன. சொல்லாமல் நின்ற மூன்றாவது, கணினி மாதிரிகள் எல்லாக் குறைகளையும் முன்கூட்டியே காட்டிவிடும், பறத்தல் சோதனை வெறும் உறுதிப்படுத்தல்தான் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கை உடைந்த விதத்தை ஒரு கொக்கியில் பார்க்கலாம். விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும் விமானம், வாலுக்கடியில் தொங்கும் கொக்கியால் தளத்தின் குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பிவடத்தைப் பிடித்து நிற்க வேண்டும். சக்கரம் ஏறிய கணத்தில் வடம் தரையோடு தட்டையாக அமுங்கி, பிறகு துள்ளி எழும்பும். அது எழும்பும் நேரத்தில் கொக்கி அந்த இடத்தில் இருக்க வேண்டும். ரேடாரில் படாதிருக்க எஃப்-35சி விமானத்தின் கொக்கியை உடலுக்குள் மறைத்து வைக்கவேண்டி வந்ததால், பின்சக்கரத்துக்கும் கொக்கிக்கும் இடைவெளி இரண்டேகால் மீட்டர்கூட இல்லை; பழைய கடற்படை விமானங்களில் இது வெகு அதிகம். கணினி இது போதும் என்றது. 2011-இல் லேக்ஹர்ஸ்ட் தளத்தில் வடத்தைக் கட்டி விமானத்தை அதன்மேல் ஓட்டிப் பார்த்தபோது, எட்டு முறையும் கொக்கி வடத்தைப் பிடிக்கவில்லை. அமுங்கிய வடம் எழும்புமுன் கொக்கி அதைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. கொக்கியின் நுனியைக் கூராக்கி, அது துள்ளாமல் அழுத்திப் பிடிக்கும் ஏற்பாட்டை மாற்றி, 2014 நவம்பரில் நிமிட்ஸ் கப்பலில் முதல்முறை இறங்க முடிந்தது. நீளம் குறைந்த ஒரு தண்டுக்கும் வடத்துக்கும் இடையிலான இந்தச் சங்கதி, எத்தனை கோடி கணக்கீட்டுக்கும் தப்பி, தரையில் ஓட்டியதும் ஒரே நாளில் வெளிப்பட்டது.

இன்னொரு பிழை எடையில் தொடங்கியது. செங்குத்தாக இறங்கும் எஃப்-35பி வகையின் கனத்தை 2004 வாக்கில் குறைத்தபோது, உடலின் சில முக்கியக் குறுக்குச்சட்டங்களை டைட்டானியத்திலிருந்து அலுமினியத்துக்கு மாற்றினார்கள். 2010 நவம்பரில், தரைச்சட்டத்தில் பிணைத்த விமானத்தின் அந்தச் சட்டம் 1,500 மணி நேர அளவிலேயே விரிசல் கண்டது. விமானத்தின் ஆயுளாகக் கணக்கிட்டது 8,000 மணி நேரம். சோதனை அதன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதற்குள் அதே சட்டத்தோடு விமானங்கள் செய்தும் விற்றும் ஆகியிருந்தன. ஒவ்வொன்றையும் திரும்பக் கூப்பிட்டுச் சீர் செய்ய வேண்டியிருந்தது. தவறு எப்போது தெரிகிறது என்பதைவிட, தெரியும் நாளில் எத்தனை விமானங்கள் அதைச் சுமந்துகொண்டிருக்கின்றன என்பதே செலவைத் தீர்மானித்தது. திட்டத்தின் தலைமை அதிகாரி வைஸ் அட்மிரல் டேவிட் வென்லெட் 2011 இறுதியில் உற்பத்தியை மெதுவாக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். 2012-இல், கொள்முதலுக்குப் பொறுப்பாயிருந்த ஃபிராங்க் கென்டல், முதல் சோதனைப் பறத்தலுக்கு ஆண்டுகள் முன்பே உற்பத்தியைத் தொடங்கியது தொழில்நெறி தவறிய செயல் என்றார். களச்சோதனை முடிந்து முழு அளவு உற்பத்திக்கு அனுமதி கிடைத்தது 2024 மார்ச்சில். அந்த நாளில் ‘குறைந்த அளவு’ உற்பத்தியில் வெளிவந்திருந்த விமானங்கள் ஏறத்தாழ ஆயிரம்.

நிறுத்துவதும் எளிதாக இருக்கவில்லை. விமானத்தின் பாகங்கள் நாட்டின் பல மாநிலங்களிலும் கூட்டாளி நாடுகளிலும் தயாராகின்றன. ஒவ்வொரு தொழிற்சாலைக்குப் பின்னாலும் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் இருக்கிறார். போர்க்காலத்தில் எதிரி விதித்த காலக்கெடு இருந்த இடத்தில், அமைதிக்காலத்தில் வேலைவாய்ப்புக் கணக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்தியாவில் இதே கேள்வி வேறு வடிவில் வந்தது. உள்நாட்டுத் தயாரிப்பான தேஜஸ் 2001 ஜனவரியில் முதன்முறை பறந்தது. 2006-இல் விமானப்படை 20 விமானங்களுக்கும் 2010-இல் இன்னும் 20 விமானங்களுக்கும் ஒப்பந்தம் செய்தது. தொடக்கநிலை இயக்க அனுமதி 2013 டிசம்பரில்தான் கிடைத்தது, இறுதி அனுமதி 2019 பிப்ரவரியில். 2015-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், முதல் வகை தேஜஸுக்கு 53 நிரந்தரச் சலுகைகளும் விலக்குகளும் தரப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். ஆயினும் அமெரிக்க உதாரணங்களோடு ஒரு வேறுபாடு உண்டு: முதல் தொகுதிகள் சிறியவை, ஆண்டுக்குச் சில விமானங்களே வெளிவந்தன. 2016 ஜூலையில் பெங்களூருவில் இரண்டே விமானங்களோடு தொடங்கிய 45-ஆம் படையணி, 2018-இல் கோவைக்கு அருகிலுள்ள சூலூர் தளத்துக்கு இடம்பெயர்ந்தது. 2020 மே மாதத்தில் இரண்டாவதான 18-ஆம் படையணியும் சூலூரிலேயே தேஜஸைப் பெற்றது. பறத்தலில் தெரிந்த குறைகள் அடுத்த தொகுதியில் திருத்தப்பட அவகாசம் இருந்தது.

தேஜஸின் அடுத்த வகையான மார்க்-1ஏ வந்தபோது அளவு மாறியது. புதிய ரேடார், மின்னணுப் போர்க்கருவிகள் ஆகியவற்றோடு வரவேண்டிய இந்த வகையில் 83 விமானங்களுக்கு 2021 பிப்ரவரியில் சுமார் 48,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தமானது. அப்போது இந்த வகையில் ஒன்றுகூடப் பறந்திருக்கவில்லை. முதல் விமானம் பறந்தது 2024 மார்ச் 28-இல். அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய ஜிஇ எஃப்-404 எஞ்சின்கள் தாமதமாகி, முதல் எஞ்சின் 2025 மார்ச்சில் வந்தது. விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்டிருக்கும் சண்டைப் படையணிகள் 42. கையிலிருப்பவை அதற்குப் பல படையணிகள் குறைவு. 1963 முதல் பறந்த மிக்-21 விமானங்கள் கடைசியாக ஓய்வுபெறும் விழா 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் நடந்தது. அதற்கு முந்தின நாள், மேலும் 97 மார்க்-1ஏ விமானங்களுக்கு 62,370 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதல் 83-இல் ஒன்றுகூட அதுவரை படையின் கைக்கு வந்திருக்கவில்லை.